இல்லத்தில் இருக்கும் பிள்ளையின் அப்பா அம்மாவைத் தேடுவது: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலையில் இருந்தபோதே சனி, ஞாயிறுகளில் குழந்தைகள் இல்லங்களுக்குப் போய்ப் பாடம் சொல்லிக் கொடுப்பேன். இப்போது அங்குள்ள பிள்ளைகளின் பெற்றோரைத் தேடும் வேலையில் அதிகாரிகளுக்குக் கூடமாட ஒத்தாசை செய்கிறேன். ஊர் ஊராகப் போய் விசாரிக்கும்போது திண்ணையிலும் ரேஷன் கடை வாசலிலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான் வருகின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். பிள்ளைகளை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஹோமில் இருக்கிற பிள்ளை என்றால் அநாதைப் பிள்ளைதானே?

இல்லை. நான் பாடம் சொல்லிக் கொடுத்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ எங்கோ உயிரோடு இருந்தார்கள். அம்மா இறந்தபின் அப்பா வேறு கல்யாணம் செய்து கொண்டு போயிருப்பார். அப்பா சிறையில் இருப்பார், அம்மா மனநல மருத்துவமனையில் இருப்பார். கடன் தொல்லையில் இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போனவர்கள் உண்டு. பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் பிழைக்கப் போய், பாட்டி இறந்த செய்திகூடத் தெரியாமல் இருந்தவர்களும் உண்டு. "அநாதை" என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல் காதில் விழும்போது அந்தப் பிள்ளையின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்தவர்கள் மறுபடி சொல்ல மாட்டார்கள்.

வேண்டாமென்று விட்டுப் போனவர்களை எதற்குத் தேட வேண்டும்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கோபத்தோடு கேட்பார்கள். அந்தக் கோபம் பிள்ளை மேல் உள்ள பரிவால் வருவது என்று எனக்குத் தெரியும்.

முதல் காரணம், அவர்கள் விட்டுத்தான் போனார்களா என்பதே தேடிப் பார்த்தால்தான் தெரியும். தேவகோட்டைப் பக்கத்து இல்லம் ஒன்றில் ஒரு பையன் இருந்தான். அம்மா அவனைப் பேருந்து நிலையத்தில் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டாள் என்றுதான் ஏட்டில் எழுதியிருந்தது. விசாரித்தபோது தெரிந்தது: அன்று அந்தப் பெண் தண்ணீர் வாங்கப் போன இடத்தில் மயங்கி விழுந்திருக்கிறாள், யாரோ மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். நினைவு திரும்பி வந்து பார்த்தபோது பையன் அங்கே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவள். எந்த அலுவலகத்துக்குப் போவது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் 5 மாதம் அந்தப் பேருந்து நிலையத்துக்கே வந்து வந்து போயிருக்கிறாள்.

இரண்டாவது, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், பராமரிப்பில் இருக்கும் குழந்தையைக் குடும்பத்தோடு மீண்டும் சேர்ப்பதைத்தான் இல்லங்களின் முதன்மை நோக்கமாக வைக்கிறது. இல்லம் என்பது இடையில் தங்கும் இடம்.

மூன்றாவது காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. பெற்றோர் கிடைக்கவே இல்லை என்றாலும் தேடியதற்குப் பலன் உண்டு. முறையாகத் தேடியும் கிடைக்கவில்லை என்று முடிவானால்தான் அந்தக் குழந்தை சட்டப்படி தத்துக்குப் போக முடியும். அரைகுறையாகத் தேடி கோப்பை மூடி வைத்தால், பிள்ளை வீட்டுக்கும் போகாமல் புது வீட்டுக்கும் போகாமல் 18 வயது வரை இல்லத்திலேயே வளரும். நான் மனதாரப் பயப்படுவது இதற்குத்தான்.

தேடுகிற பொறுப்பு யாருடையது?

முடிவெடுப்பது மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். மாதத்தில் குறைந்தது 20 நாட்கள் அமர வேண்டும் என்பது விதி. கண்டெடுக்கப்பட்ட எந்தக் குழந்தையையும், பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் இந்தக் குழு முன் நிறுத்த வேண்டும். குழு உத்தரவிட்டதும் 15 நாட்களுக்குள் சமூக விசாரணை அறிக்கை தயாராக வேண்டும். அலைந்து விசாரிப்பது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியாளர்கள், இல்லத்தின் சமூகப் பணியாளர், காவல்துறை ஆகியோர். குழந்தைகள் காணாமல் போனதாக வரும் ஒவ்வொரு புகாருக்கும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று 2013ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. செட்டிநாடு என்று நாம் ஒரே ஊர் போலப் பேசுகிறோம். அரசாங்கக் கணக்கில் அது இரண்டு மாவட்டம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் சிவகங்கையில் இருக்கின்றன. ராயவரம், அரிமளம், திருமயம் புதுக்கோட்டையில் இருக்கின்றன. பிள்ளை காரைக்குடிச் சந்தையில் கிடைத்திருக்கும், அம்மா அரிமளத்தில் இருப்பாள். இரண்டு குழு, இரண்டு அலகு, இரண்டு காவல் எல்லை. இந்தப் பக்கத்துக் கோப்பு அந்தப் பக்கம் போய்ச் சேருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். அதனால் தகவல் சொல்லும்போதே "அந்த ஊர் எந்த மாவட்டம், எந்தத் தாலுகா" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எவ்வளவு நாள் தேடுவார்கள்?

கைவிடப்பட்ட குழந்தைக்கு 2 வயது வரை என்றால், குழு முன் நிறுத்திய நாளிலிருந்து 2 மாதம். 2 வயதுக்கு மேல் என்றால் 4 மாதம். அதற்குள் பெற்றோர் கிடைக்கவில்லை என்றால் குழந்தை தத்துக்குத் தகுதியானது என்று குழு அறிவிக்கலாம்.

சின்னக் குழந்தைக்கு 2 மாதம் என்பது அதன் நன்மைக்காகத்தான். கைக்குழந்தை வருடக்கணக்கில் தொட்டில் மாறிக் கொண்டிருக்கக் கூடாது. ஆனால் தேடுகிற எங்களுக்கு அது மிகக் குறைந்த காலம். "அடுத்த மாதம் கோயில் கும்பிட வருவார்கள், அப்போது கேட்டுச் சொல்கிறேன்" என்று நீங்கள் சொல்லும் அந்த ஒரு மாதம் பிள்ளைக்குக் கிடைத்திருக்கும் கெடுவில் பாதி.

எதை வைத்துத் தேடுகிறீர்கள்? பிள்ளைக்கு ஊர் பேர்கூடத் தெரியாதே?

பிள்ளைக்குத் தெரியும். நாம் கேட்கும் விதத்தில்தான் அதற்குச் சொல்லத் தெரியாது. "உன் ஊர் எது?" என்று கேட்டால் 4 வயதுப் பிள்ளை "எங்க ஊரு" என்றுதான் சொல்லும்.

நான் முதலில் கவனிப்பது அது பாட்டியை எப்படிக் கூப்பிடுகிறது என்பதை. அப்பாவைப் பெற்றவளை "அப்பத்தா" என்றால் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளையாக இருக்கலாம். "அப்பாயி" என்றால் புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர் பக்கம் யோசிப்பேன். தாத்தாவை "அப்புச்சி" என்றால் கொங்கு நாட்டுப் பக்கம் மனம் போகும். "ஆச்சி" என்பதில் மட்டும் அவசரப்படக் கூடாது. திருநெல்வேலிப் பிள்ளைக்கு ஆச்சி என்றால் பாட்டி. நம் ஊரில் பெரிய வீட்டு அம்மாவை எல்லோரும் ஆச்சி என்போம், அந்த வீட்டில் வேலை செய்தவளின் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும். ஒரு சிறுமி "ஆச்சி வீடு, ஆச்சி வீடு" என்று சொல்லிக் கொண்டே இருந்ததால் திருநெல்வேலிப் பக்கம் தேடிக் கொண்டிருந்தோம். கடைசியில் அவளுடைய அம்மா பள்ளத்தூர்ப் பக்கம் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டைக் கூட்டிப் பெருக்கிக் காவல் பார்த்தவள் என்று தெரிந்தது. 6 வாரம் வீணாய்ப் போனது.

அடுத்தது, மொட்டை போட்ட கோயில், காது குத்திய கோயில். இதைப் பிள்ளைகள் மறப்பதில்லை. அழுத நாள் அல்லவா? கோயிலில் பெரிய குதிரை இருந்ததா, அரிவாள் நட்டிருந்ததா, படி இருந்ததா, கிடா வெட்டினார்களா, யார் மடியில் உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டால் ஒரு படம் கிடைக்கும். மடியில் வைத்திருந்தவர் தாய்மாமனாக இருப்பார். குலதெய்வக் கோயில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பூசாரிக்கோ கோடங்கிக்கோ அந்தப் பங்காளிகள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தெரியும். பிழைக்கப் போனவர்கள் பொங்கலுக்கு வராவிட்டாலும் மாசி சிவராத்திரிக்குக் கோயிலுக்கு வந்துவிடுவார்கள். சிவராத்திரி இரவில் கோயில் வாசலில் காத்திருந்து ஒரு பெரியப்பாவைக் கண்டுபிடித்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. தம்பி குடும்பம் எங்கே போனது என்று 2 வருடமாக அவரும் தேடிக் கொண்டிருந்தாராம்.

இந்தக் கோயில் வழியை அரசாங்கப் படிவம் எதிலும் காண முடியாது. படிவத்தில் இருப்பவையும் முக்கியம்தான். பள்ளியில் ஒரு நாள் சேர்ந்திருந்தாலும் பிள்ளைக்கு எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவு எண்) இருக்கும். அதில் அப்பா அம்மா பெயரும் கைபேசி எண்ணும் இருக்க வாய்ப்பு உண்டு. கைக்குழந்தை என்றால் தடுப்பூசி அட்டை இருக்கிறதா பார்ப்போம். கர்ப்பம் பதிந்தபோது கிராமச் செவிலியர் கொடுத்த பிக்மி எண் கிடைத்தால் எந்த ஆரம்ப சுகாதார நிலையம் என்று தெரிந்துவிடும். குடும்ப அட்டையில் பிள்ளை பெயர் சேர்ந்திருக்கலாம். அங்கன்வாடிப் பணியாளரைக் கேட்காமல் எந்த ஊரையும் விட்டு வராதீர்கள் என்று புதிதாக வரும் பணியாளர்களிடம் சொல்வேன். ஊரில் யார் வீட்டில் புதிதாகப் பிள்ளை வந்தது, யார் வீட்டுப் பிள்ளை திடீரென்று காணோம் என்பது அவருக்கு மனப்பாடம்.

நம் ஊரில் நகரத்தார் வீட்டுப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதும் நகரக் கோயிலில் ஒரு புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாக, எழுதி வைத்துக் கொள்கிறார்கள். ஒன்பது கோயிலில் எந்தக் கோயில் என்று சொன்னால் வம்சாவளியே வந்துவிடும். அப்படிப் பார்த்துப் பார்த்து எழுதி வைத்த மண்ணில், எந்த ஏட்டிலும் இல்லாத பிள்ளைகளும் வளர்கிறார்கள். அவர்களுக்கு ஊர்க்காரர்களின் ஞாபகம்தான் ஏடு.

அப்பா வேலைக்குப் போனவர், எங்கே என்று வீட்டுக்கே தெரியாது. அவரை எப்படிப் பிடிப்பது?

தொழிலைப் பிடித்தால் ஆளைப் பிடிக்கலாம். சமையல் வேலைக்குப் போனவர் என்றால் எந்த மாஸ்டரிடம் செட்டு போனார் என்று கேட்க வேண்டும். மாஸ்டருக்கு இல்லாத தொடர்பு இல்லை. ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டியில் போனவர் வடநாட்டில் மாதக்கணக்கில் சுற்றுவார், வண்டிக்கு ஆள் பிடித்த ஏஜென்டைக் கேட்க வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள் ஊர்க்காரர்களோடு ஒரே லைன் வீட்டில் தங்குவார்கள். புதுவயல் அரிசி ஆலை, ஆத்தங்குடி கல் பட்டறை, செங்கல் சூளை எதுவானாலும் முன்பணம் கொடுத்தவருக்கு ஆள் இருக்குமிடம் தெரிந்திருக்கும். சொல்ல மாட்டார், ஏனென்றால் அவருக்கும் பணம் வர வேண்டியிருக்கும். பிள்ளை விஷயம் என்று பொறுமையாகச் சொன்னால் பெரும்பாலும் மனம் இளகுவார்கள்.

கிடை போடுபவர்கள் தனி. ஆடு ஓட்டிக் கொண்டு அறுவடை முடிந்த வயல்களைத் தேடித் தஞ்சாவூர் வரை போய்விடுவார்கள். இன்று இங்கே, நாளை எங்கேயோ. ஆனால் ஒரு கீதாரியின் (கிடைத் தலைவரின்) கிடை எந்தத் திசையில் நகர்கிறது என்று இன்னொரு கீதாரிக்குத் தெரியும். இங்கே இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ஆடு மேய்க்கும் இடத்தில் தனியாக ஒரு சிறுவன் இருந்தால், அவன் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதானா, இல்லை யாரோ கடனுக்காக விட்டுவிட்டுப் போன பிள்ளையா? சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள்.

அம்மா மலேசியாவிலோ அரபு நாட்டிலோ வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள் என்றால்?

செட்டிநாட்டுக்குக் கடல் கடந்து போவது புதிதல்ல. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன ஊர் இது. போனவர்கள் கடிதம் எழுதினார்கள். இப்போது போகும் பெண்களின் கைபேசியை அங்கே வாங்கி வைத்துக் கொள்கிறார்கள் என்றால் அதோடு சரி.

மாவட்ட அலகு வழியாக அயலகத் தமிழர் நலத்துறையை அணுகலாம், அவர்கள் இந்தியத் தூதரகத்துக்கு எழுதுவார்கள். வெளியுறவு அமைச்சகத்தின் மதத் என்ற இணையதளத்திலும் குடும்பத்தார் பதியலாம். பாஸ்போர்ட் நகல் இருந்தால் வேலை எளிது. அது வீட்டில் இல்லாவிட்டால், அனுப்பி வைத்த ஏஜென்ட் யார், எந்த மாதம் விமானம் ஏறினாள் என்பதாவது வேண்டும்.

ஆதார் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடாதா?

சில சமயம் தெரியும். இல்லத்தில் இருக்கும் பிள்ளைக்குப் புதிதாக ஆதார் எடுக்கப் போகும்போது, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அந்தக் கைரேகைக்கு ஏற்கெனவே ஓர் ஆதார் இருக்கக்கூடும். அதை வைத்து அதிகாரிகள் பழைய முகவரிக்குப் போய்ச் சேர்ந்து, பல வருடம் கழித்துப் பிள்ளை வீடு திரும்பியது உண்டு. ஆனால் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கைரேகையோ கருவிழியோ பதிவதில்லை, அந்த வயதில் இந்த வழி உதவாது. நீங்களோ நானோ ஆதார் மையத்துக்குப் போய் முகவரி கேட்க முடியாது, கேட்கவும் கூடாது.

பிள்ளை போட்டோவை வாட்ஸ்அப்பில் போட்டால் ஒரே நாளில் கிடைத்துவிடுமே?

போடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் பெயர், படம், பள்ளி, முகவரி எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பத்திரிகையில் படம் போட்டுத் தேடுவது உண்டு. அதில் உள்ள ஆபத்தை யோசித்து, குழு உத்தரவிட்டால்தான் அது நடக்கும்.

தண்டனையைவிட எனக்கு வேறொன்று உறுத்துகிறது. பல வருடங்களுக்கு முன் நானே இந்தத் தவறைச் செய்தேன். ஒரு சிறுமியின் படத்தை, நல்லது நினைத்து, பழைய மாணவர்கள் குழுவில் போட்டேன். படம் ஊரெல்லாம் சுற்றியது. அம்மாவும் கிடைத்தாள். அந்தச் சிறுமி வளர்ந்து கல்லூரிக்குப் போனபோது, அதே படம் "இந்தக் குழந்தையை உரியவரிடம் சேர்க்க உதவுங்கள்" என்ற வாசகத்தோடு மறுபடி சுற்ற ஆரம்பித்து, அவளுடைய வகுப்புத் தோழிகளின் கைபேசிக்கே வந்துவிட்டது. அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "டீச்சர், அதை எப்படி அழிப்பது?" என்று மட்டும் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

கண்டுபிடித்துச் சொன்னால் அவர்கள் மேல் போலீஸ் கேஸ் வருமா? பாவம், இல்லாதபட்டவர்கள்.

ஊரில் வாய் திறக்காமல் இருப்பதற்கு இந்தப் பயம்தான் பெரிய காரணம். சட்டம் இதில் நாம் நினைப்பதைவிட இரக்கமுள்ளது. கைவிடப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட குழந்தையைப் பற்றி விசாரணை நடக்கும்போது, பெற்ற தாய் தந்தை மேல் முதல் தகவல் அறிக்கை பதியக் கூடாது என்று 38ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கொடுமைக்கான தண்டனையைச் சொல்லும் 75ஆம் பிரிவிலும், தங்கள் கைமீறிய சூழ்நிலையால் பெற்றோர் குழந்தையை விட்டுப் போயிருந்தால் அதை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளக் கூடாது, தண்டனை பொருந்தாது என்று எழுதியிருக்கிறது.

பிள்ளையை அடித்துக் காயப்படுத்தியவர்கள், விற்றவர்கள் விஷயம் வேறு. குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் 5 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு.

எனக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். ஆனால் தான் இருக்கும் இடம் யாருக்கும் தெரிய வேண்டாம் என்கிறாள். நான் என்ன செய்ய?

அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்பதை முதலில் கேளுங்கள். புருஷனின் அடிக்குப் பயந்து ஒளிந்திருக்கும் பெண் என்றால், அவள் இருக்குமிடத்தைப் புருஷன் வீட்டாரிடமோ ஊர்ப் பெரியவர்களிடமோ மூச்சுவிடாதீர்கள். குழந்தைகள் நலக் குழுவிடம் மட்டும் சொல்லுங்கள், "இவளுக்கு ஆபத்து இருக்கிறது" என்பதையும் சேர்த்து. பெண்களுக்கு 181 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. தேடுகிறோம் என்ற பெயரில் ஒரு பெண்ணை மறுபடி அடிப்பவன் கையில் பிடித்துக் கொடுத்துவிடக் கூடாது. அதனால்தான் யார் வந்து கேட்டாலும், "நான் அப்பா" என்றே சொன்னாலும், முகவரியை நாங்கள் வாய்மொழியாகச் சொல்வதில்லை.

கல்யாணம் ஆகாமல் பெற்றவள், ஊருக்குத் தெரியாமல் குழந்தையை ஒப்படைக்க நினைப்பவள் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. குழு முன் வந்து ஒப்படைக்கலாம். அவளுக்கு ஆலோசனை சொல்வார்கள், கட்டாயப்படுத்த மாட்டார்கள். மனம் மாறினால் 60 நாட்களுக்குள் திரும்பப் பெற்றுக் கொள்ளலாம். ஒப்படைக்கப்பட்ட குழந்தையைப் பற்றிப் பத்திரிகை அறிவிப்பு எதுவும் கொடுக்கக் கூடாது என்பது விதி. ஊரணிக் கரையிலோ கோயில் வாசலிலோ ஒரு சிசு கிடந்தது என்று கேள்விப்படும்போதெல்லாம், இந்த 60 நாள் விஷயத்தை அந்தத் தாயிடம் யாராவது சொல்லியிருக்கலாமே என்றுதான் தோன்றும்.

அப்பா கிடைத்துவிட்டால் உடனே பிள்ளையை அனுப்பிவிடுவார்களா?

மாட்டார்கள். வீட்டைப் போய்ப் பார்ப்பார்கள். அவர்தான் அப்பா என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள், சந்தேகம் இருந்தால் மரபணுச் சோதனை வரை போகலாம். பிள்ளையிடமும் தனியாகக் கேட்பார்கள். குடிக்கிறவர், அடிக்கிறவர் என்றால் கண்டுபிடித்தும் அனுப்ப மாட்டார்கள். இருப்பிடம் தெரிவதும் பிள்ளையை ஒப்படைப்பதும் இரண்டு தனி முடிவுகள்.

வறுமை மட்டும்தான் காரணம் என்றால், அதற்காகப் பிள்ளையைப் பிரித்து வைக்கக் கூடாது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழி இருக்கிறது. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், நகரத்தில் 96,000. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் அன்புக்கரங்கள் திட்டத்தைத் தமிழக அரசு 2025இல் தொடங்கியிருக்கிறது. இரண்டுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம்.

அப்பா அம்மா இல்லை, அப்பத்தா நான் இருக்கிறேன். எனக்குத் தருவார்களா?

கேளுங்கள் அப்பத்தா, கட்டாயம் கேளுங்கள். பெற்றோரிடம் மட்டும்தான் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பாதுகாவலரிடமும், தகுதியானவர் என்று குழு ஏற்றுக் கொள்பவரிடமும் ஒப்படைக்கலாம். வயது, உடம்பு, வீடு எல்லாம் பார்ப்பார்கள். நீங்கள் ஒருத்தியாக முடியாது என்றால் அத்தையையோ சித்தப்பாவையோ கூட அழைத்து வாருங்கள்.

என் சொந்த எண்ணம் ஒன்றையும் சொல்ல வேண்டும். அப்பா அம்மாவைத் தேடி முடித்துவிட்டு, அப்புறம் உறவுக்காரர்களைத் தேடுவது என்று வரிசை போடக் கூடாது. இரண்டும் முதல் நாளிலேயே ஒன்றாகத் தொடங்க வேண்டும். அமெரிக்காவில் குழந்தை ஆதரவுப் பணத்தை வசூலிப்பதற்காக 1975இல் தொடங்கிய பெற்றோர் தேடும் சேவையை, 1997இலிருந்து குழந்தை நல அலுவலகங்களும் பயன்படுத்துகின்றன. அதோடு, குழந்தையை வீட்டிலிருந்து பிரித்த 30 நாட்களுக்குள் வயது வந்த உறவினர்களைக் கண்டுபிடித்துத் தகவல் சொல்ல முயல வேண்டும் என்று 2008இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அவர்களிடம் கணினி இருக்கிறது. நம்மிடம் அத்தை, மாமா, பங்காளி, சம்பந்தி என்று ஒரு பெரிய உறவுக் கூட்டமே இருக்கிறது. அந்த 30 நாள் கெடு நமக்கும் வந்தால் எத்தனையோ பிள்ளைகள் இல்லத்து வாசலை மிதிக்காமலே இருக்கும்.

எங்கள் பக்கம் பிள்ளை கூட்டுவது, அதாவது தத்து எடுப்பது, காலங்காலமாக உள்ள வழக்கம். ஹோம் பிள்ளையை அப்படியே எடுத்துக் கொள்ள முடியாதா?

முடியாது. நீங்கள் சொல்லும் வழக்கத்தில் பெற்றவர்களே முன்வந்து, சபையறியக் கொடுக்கிறார்கள். 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. இல்லத்தில் இருக்கும் பிள்ளையைக் கொடுக்கும் உரிமை இல்ல நிர்வாகிக்குக் கிடையாது. பெற்றோரைத் தேடி முடித்து, தத்துக்குத் தகுதி என்று குழு அறிவித்த பிறகு, மத்தியத் தத்து வள ஆணையத்தில் (காரா) பதிவு செய்து காத்திருப்பவர்களுக்கு வரிசைப்படி போகும். 2022 செப்டம்பரிலிருந்து தத்து உத்தரவை மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். இந்த முறையை மீறினால் 3 ஆண்டு வரை சிறை உண்டு. மருத்துவமனையில் யாராவது "ஒரு குழந்தை இருக்கிறது, எடுத்துக்கிறீங்களா" என்று காதில் சொன்னால், அந்தக் குழந்தையைத் தேடிக் கொண்டு ஒரு தாய் எங்கேயோ அலைகிறாள் என்று நினைத்துக் கொள்ளுங்கள்.

திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை தனியாக நின்றால்?

காரைக்குடி முத்துமாரியம்மன் பால்குடத்தன்றும் பிள்ளையார்பட்டிச் சதுர்த்தியன்றும் இது நடக்கும். பிள்ளையை அந்த இடத்திலிருந்து வெகுதூரம் கூட்டிப் போகாதீர்கள், அம்மா அங்கேதான் திரும்பி வருவாள். பக்கத்தில் உள்ள காவல் உதவி மையத்தில் ஒப்படையுங்கள், இல்லையென்றால் 1098க்கு அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. உங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

தத்துப் போன பிள்ளை பெரியவனானதும் பெற்றவர்களைத் தேடலாமா?

18 வயது ஆகிவிட்டால் தானே விண்ணப்பிக்கலாம். அதற்குள் என்றால் வளர்த்தவர்களோடு சேர்ந்து. ஒப்படைத்த தாய் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தால் அந்த மறைவும் காக்கப்படும். மூன்றாம் ஆள் யாரும் அவனுக்காகப் போய்த் தேட அனுமதி இல்லை. இன்று நாம் கோப்பில் எழுதி வைப்பதுதான் அன்று அவன் கைக்குப் போகும். அதனால், பிள்ளை கிடைத்தபோது போட்டிருந்த சட்டையின் நிறம், இடுப்பில் கட்டியிருந்த கயிறு, தையற்கடைச் சீட்டு எல்லாவற்றையும் எழுதச் சொல்லி இல்லத்துப் பணியாளர்களிடம் சண்டையே போடுவேன்.

"எங்கம்மா எப்ப வரும்?" என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

"நாளைக்கு வரும்" என்று சொல்லாதீர்கள். அது நாளைக்கும் வாசலைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருக்கும். "அம்மா சாமிகிட்ட போயிட்டாங்க" என்று தெரியாததைச் சொல்லாதீர்கள். "உங்கம்மாவுக்கு நீ வேண்டாம்" என்பதைக் கோபத்தில்கூடச் சொல்லாதீர்கள்.

நாங்கள் என்ன செய்தோம் என்பதைத்தான் நான் சொல்வேன். போன செவ்வாய்க்கிழமை நீ சொன்ன குதிரைக் கோயிலுக்குப் போனோம். பூசாரித் தாத்தா இல்லை, அவருடைய மகன் இருந்தார். உன் மாமா பேரைச் சொன்னோம். கேட்டுச் சொல்கிறேன் என்றார். வருகிற வாரம் மறுபடி போகிறோம்.

ஒரு பையன் இதைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "டீச்சர், அந்தக் கோயில்ல குதிரைக்கு ஒரு காது உடைஞ்சிருக்கும், பாத்தீங்களா?" என்றான். நாங்கள் போன கோயில் குதிரைக்கு இரண்டு காதும் இருந்தது. மறுநாள் வேறு கோயிலுக்குப் புறப்பட்டோம்.